பாரிஸ் வேண்டாம் என்ற பேராசிரியர்

கடலூர், விருத்தாசலம் பக்கங்களில் மல்லாட்டை என்றால் தெரியாதவர் கிடையாது. நிலக்கடலைக்கு அந்தச் சீமையில் வழங்கும் பெயர் அது. மணிலாக் கொட்டை என்ற பெயர்தான் வாய்வழக்கில் அப்படித் தேய்ந்து போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்த மல்லாட்டை கடல் கடந்து போயிற்று. 1879-ல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ரயில் பாதை போட்டார்கள். தென் ஆர்க்காடு ஜில்லாவின் கடலை மூட்டைகள் துறைமுகத்துக்கு வந்து கப்பலேறின. அவை போய் இறங்கிய இடம், பிரெஞ்சு தேசத்தின் தென்கரையில் இருக்கும் மார்சேல்ஸ் பட்டணம். அங்கே ஆலைகளில் எண்ணெயாகிச் சோப்பாகி விலை போயிற்று.

அதே தென் பிரான்ஸில், மார்சேல்ஸுக்கு மேற்கே துலூஸ் என்று ஒரு நகரம். அந்த நகரத்துக் கல்லூரியில் ஒரு ரசாயனப் பேராசிரியர் இருந்தார். கடலை எண்ணெயை நெய் போல உறைய வைக்கும் தொழிலுக்கு அடிப்படையான உண்மையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இன்று ஹைட்ரஜன் வாயுவை எண்ணெய் போன்ற ஒரு திரவத்துக்குள் அடைத்துக் கப்பலில் அனுப்புகிறார்களே, அந்த வித்தைக்கும் மூலபுருஷர் அவரே. பெயர் பால் சபாட்டியர். நோபல் பரிசு பெற்ற மேதை. ஆனால் தலைநகரமான பாரிஸ் வாவென்று அழைத்தபோது, வரவில்லை என்று சொல்லிவிட்ட மனிதர்.

தென்னாட்டுப் பிள்ளை

சபாட்டியர் 1854-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி பிறந்தார். சொந்த ஊர் கார்க்கசோன். பழைய கோட்டை கொத்தளங்களுக்குப் பேர் போன தென்னாட்டு ஊர். படிப்பில் பையன் சூரன். 1874-ல் பாரிஸிலுள்ள இரண்டு பெரிய கல்விச் சாலைகளின் நுழைவுப் பரீட்சைகளிலும் தேறினார். ஒன்று எஞ்சினீயர்களையும் ராணுவ அதிகாரிகளையும் உருவாக்குவது. மற்றொன்று ஆசிரியர்களை உருவாக்குவது. சபாட்டியர் ஆசிரியர் பள்ளியையே தேர்ந்தெடுத்தார். 1877-ல் அங்கிருந்து முதல் மாணவராக வெளியே வந்தார்.

ஓராண்டு பள்ளிக்கூட வாத்தியார் வேலை. பிறகு 1878-ல் பெர்த்தெலோ என்னும் பெரிய ரசாயன நிபுணரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் பிரெஞ்சு ரசாயன உலகில் பெர்த்தெலோ வைத்ததுதான் சட்டம். அவரிடம் இருந்தபடியே 1880-ல் டாக்டர் பட்டம் வாங்கினார் சபாட்டியர். இப்படிப்பட்ட குருவின் நிழலில் இருப்பவர்கள் பாரிஸை விட்டு நகர மாட்டார்கள். சபாட்டியரோ தெற்கே திரும்பினார். போர்தோவில் ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, 1882-ல் துலூஸ் வந்து சேர்ந்தார். 1884-ல் ரசாயனப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொட்டிருந்தது. அதற்கப்புறம் ஐம்பத்தேழு ஆண்டுகள், கண் மூடும்வரை, துலூஸ்தான் அவருடைய ஊர்.

கேட்டுவிட்டுத் தொட்டார்

1890-ல் இங்கிலாந்திலிருந்து ஓர் அதிசயமான செய்தி வந்தது. லுட்விக் மாண்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் நிக்கல் தூள்மேல் கார்பன் மோனாக்ஸைடு வாயுவைச் செலுத்தினார்கள். கெட்டியான உலோகம் அந்த வாயுவோடு சேர்ந்து ஆவியாகிப் பறந்தது! உலோகம் வாயுவைப் பிடித்துக்கொள்ளுமானால் வேறு வாயுக்களையும் பிடிக்காதா என்று சபாட்டியர் யோசித்தார். பாதிரியாரும் ரசாயன ஆசிரியருமான சாண்டெரன்ஸ் என்பவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

1896-ல் பாரிஸில் முவாசான், மூரே என்ற இருவர் முந்திக்கொண்டார்கள். அசிட்டிலீன் வாயுவை நிக்கல்மேல் செலுத்திப் பார்த்தார்கள். உலோகம் தகதகவென்று ஒளிவிட்டது, கரி படிந்தது. அதற்கு மேல் அவர்கள் துருவிப் பார்க்கவில்லை. சபாட்டியருக்கு அந்தப் பாதையில் போக ஆசை. ஆனாலும் பிறர் தொடங்கிய வேலையில் கை வைப்பது முறையல்ல என்று நினைத்தார். முவாசானிடம் விசாரித்து, அவர்கள் தொடரப் போவதில்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகே வேலையைத் தொடங்கினார்.

கரியோடு வந்த செய்தி

1897-ம் ஆண்டு. எதிலீன் என்னும் வாயுவைச் சுமார் 300 டிகிரி சூட்டில் நிக்கல் தூள்மேல் செலுத்தினார்கள். முன்போலவே கருகருவென்று கரி படிந்தது. முவாசான் நின்ற இடமும் அதுதான். சபாட்டியர் அங்கே நிற்கவில்லை. குழாயின் மறுமுனையில் வெளிவந்த வாயுவைப் பிடித்துச் சோதித்தார். அது பெரும்பாலும் ஈத்தேனாக இருந்தது.

எதிலீனைவிட ஈத்தேனில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் அதிகம். அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது? ஒரு பகுதி எதிலீன் சிதைந்து கரியாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிந்திருக்க வேண்டும். அந்த ஹைட்ரஜனை நிக்கல் வாங்கி, மீதி எதிலீனுக்குக் கொடுத்திருக்க வேண்டும். அப்படியானால் ஹைட்ரஜனை நாமே கலந்து கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். கரி படியவில்லை. எதிலீன் முழுவதும் ஈத்தேனாக மாறியது. நிக்கல் அப்படியே இருந்தது. மறுபடி வேலைக்குத் தயார்.

தான் செலவாகாமல் பிற பொருள்களை ஒன்றோடொன்று சேர வைக்கும் பொருளுக்குக் கிரியா ஊக்கி என்று பெயர். கிரியா ஊக்கிகளை அதற்கு முன்பும் அறிந்திருந்தார்கள். ஆனால் விலை மலிந்த ஓர் உலோகத் தூள், இத்தனை சுலபமாக ஹைட்ரஜனை ஏற்றி வைக்கும் என்று யாரும் கண்டதில்லை.

பணிந்தது பென்ஸீன்

அடுத்து அவர்கள் பென்ஸீனை எடுத்தார்கள். நிலக்கரித் தாரிலிருந்து இறங்கும் திரவம் அது. ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து வளையமாக நிற்பதுதான் பென்ஸீன். லேசில் எதற்கும் மசியாத வளையம். 1901-ல் சபாட்டியரும் சாண்டெரன்ஸும் பென்ஸீன் ஆவியை ஹைட்ரஜனோடு கலந்து, சுமார் 180 டிகிரி சூட்டில் நிக்கல்மேல் செலுத்தினார்கள். வளையம் பணிந்தது. ஆறு ஹைட்ரஜன் அணுக்களை ஏற்றுக்கொண்டு சைக்ளோஹெக்ஸேன் என்ற வேறொரு திரவமாக மாறியது.

ஏற்றத் தெரிந்தவர் இறக்கவும் பார்த்தார். சாராயத்தின் ஆவியைச் சூடான செம்புத் தூள்மேல் செலுத்தினால், சாராயம் தன்னிடமுள்ள ஹைட்ரஜனில் ஒரு பங்கை விட்டுவிட்டு ஆல்டிஹைடு என்னும் பொருளாக மாறுவதைக் காட்டினார். நெல்லிக்குப்பத்துக் கரும்பு ஆலை வட்டாரத்தாருக்குக் கழிவுப் பாகிலிருந்து சாராயம் இறங்கும் கதை தெரியும். அந்தச் சாராயத்திலிருந்து ஹைட்ரஜன் இறங்கும் கதையைச் சொன்னவர் சபாட்டியர்.

ஆனால் சைக்ளோஹெக்ஸேனிடமிருந்து ஹைட்ரஜனைத் திரும்ப வாங்குவதில் நிக்கல் சறுக்கியது. சூட்டை ஏற்றினால் அது வளையத்தையே உடைத்தது. பென்ஸீனோடு மீதேன் வாயுவும் வந்தது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் ரஷ்ய விஞ்ஞானி ஜெலின்ஸ்கி. 1911-ல் அவர் பல்லேடியம், பிளாட்டினம் என்ற உயர்ந்த உலோகங்களின் தூளைக்கொண்டு, சுமார் 300 டிகிரியில், வளையம் உடையாமலே ஹைட்ரஜனைப் பிரித்துக் காட்டினார். போட்ட பணத்தைக் குறையாமல் திருப்பித் தரும் பாங்கி போல, ஏற்றிய ஹைட்ரஜனைத் திருப்பித் தரும் திரவம் ஒன்று உண்டு என்று உலகம் அறிந்தது.

கல்யாணத் தரகர்

நிக்கல் இந்த வேலையை எப்படிச் செய்கிறது? உலோகத்தின் நுண்துளைகளில் வாயுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு அடைபடுவதால்தான் அவை ஒன்று சேருகின்றன என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் பலர் சொன்னார்கள். சபாட்டியர் இதை ஒப்பவில்லை. நிக்கல் முதலில் ஹைட்ரஜனோடு தானே உறவு கொள்கிறது. அந்த உறவு நிலைக்காது. உடனே ஹைட்ரஜனை அடுத்த பொருளிடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கிறது என்றார் அவர்.

கல்யாணத் தரகரை நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். பெண் வீட்டாரிடம் தரகருக்குப் பழக்கமே இல்லை என்றால் சம்பந்தம் பேச முடியாது. பழக்கம் அளவு மீறி அவரே அந்த வீட்டு மனிதராகி உட்கார்ந்துவிட்டால், அப்போதும் கல்யாணம் நடக்காது. கிரியா ஊக்கியின் பிடியும் அப்படித்தான். தளர்ந்தும் இருக்கக்கூடாது, இறுகியும் இருக்கக்கூடாது. இன்றும் ரசாயன நூல்களில் இதற்குச் சபாட்டியர் தத்துவம் என்றே பெயர். புதிய கிரியா ஊக்கியைத் தேடுகிறவர்கள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டாலும், முதலில் பார்ப்பது இந்தப் பிடியின் அளவைத்தான்.

இன்னொன்றையும் அவர் கண்டறிந்தார். துளி கந்தகம் பட்டாலும் நிக்கல் வேலை நிறுத்தம் செய்துவிடும். ஆகவே பென்ஸீனையும் ஹைட்ரஜனையும் பரிசுத்தமாக்குவதிலேயே அவருடைய சோதனைச் சாலையின் உழைப்பில் பெரும் பங்கு கழிந்தது.

சமையலறைக்கு வந்தது

சபாட்டியர் பெரும்பாலும் ஆவிகளோடு வேலை செய்தார். ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன், திரவ எண்ணெயிலேயே நிக்கல் தூளைக் கலந்து ஹைட்ரஜன் ஏற்றலாம் என்று கண்டு 1902-ல் பேட்டன்ட் உரிமை வாங்கினார். எண்ணெய் கெட்டிப்பட்டது, கொழுப்பு வியாபாரம் கொழித்தது. வனஸ்பதி பிறந்த கதை இதுதான். இந்தியாவில் 1930-களில் வனஸ்பதி ஆலைகள் ஏற்பட்டபோது, மல்லாட்டை எண்ணெய்தான் முக்கியமான மூலப்பொருளாயிற்று. மார்சேல்ஸுக்குக் கப்பலேறிய கடலை, தன் நாட்டிலேயே நெய்க்கு மாற்றாக அவதாரம் எடுத்தது.

அதில் ஒரு தீங்கும் ஒளிந்திருந்தது. ஹைட்ரஜனை அரைகுறையாக ஏற்றும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குக் கெடுதல் என்று பின்னால் தெரிந்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று இந்திய அரசு விதி செய்தது. சமையலறையில் அந்த வித்தையின் மதிப்புக் குறைந்தது. எரிபொருள் உலகத்திலோ அதற்கு மறுபிறப்பு வரவிருந்தது.

பாரிஸ் அழைத்தது

1907-ல் முவாசான் காலமானார். பாரிஸ் ஸார்போனில் அவர் வகித்த பதவி சபாட்டியரைத் தேடி வந்தது. பிரெஞ்சு தேசத்தில் ஒரு ரசாயனப் பேராசிரியர் ஏறக்கூடிய உச்சிப் படி அது. பெரிய சோதனைச் சாலை, பெரிய சம்பளம், பெரிய மனிதர்களின் பழக்கம் எல்லாம் அங்கே காத்திருந்தன. விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினராவதற்கும் பாரிஸில் குடியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. பாரிஸில் இல்லாதவன் எத்தனை கெட்டிக்காரனானாலும் கழகத்துக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

சபாட்டியர் போகவில்லை. 1905 முதல் அவர் துலூஸ் விஞ்ஞானப் பகுதியின் டீனாக இருந்தார். தென்னாட்டுப் பிள்ளைகளுக்காக ரசாயனம், மின்சாரம், விவசாயம் ஆகிய மூன்று துறைகளுக்கும் தனித்தனி நிலையங்கள் அங்கே எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுவுவதில் முன் நின்றவர் அவர். நட்ட பயிரைப் பாதியில் விட்டுப் போகும் விவசாயி உண்டா?

முடிவில் வளைந்து கொடுத்தது பாரிஸ்தான். 1913-ல் விஞ்ஞானக் கழகம், வெளியூரில் வசிக்கும் விஞ்ஞானிகளுக்கென்றே ஆறு புதிய இடங்களை உண்டாக்கியது. அதில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பால் சபாட்டியர்.

பரிசும் ஒரு குறையும்

அதற்கு முந்தின ஆண்டே, 1912-ல், ரசாயன நோபல் பரிசு அவரைத் தேடி வந்திருந்தது. பரிசில் பாதி அவருக்கு. மறு பாதி விக்டர் கிரினியாருக்கு. கிரினியாரும் வெளியூர்க்காரர்தான். லியோனில் கண்டுபிடித்து, நான்ஸியில் பேராசிரியராக இருந்தவர். அந்த ஆண்டு பிரான்ஸுக்கு வந்த ரசாயனப் பெருமை முழுவதும் பாரிஸுக்கு வெளியே விளைந்தது.

ஆனால் சாண்டெரன்ஸ் பாதிரியாருக்குப் பங்கு கிடைக்கவில்லை. 1897-லும் 1901-லும் சபாட்டியரோடு கூட நின்றவர் அவர். முக்கியமான கட்டுரைகளில் இருவர் பெயரும் சேர்ந்தே இருந்தன. நோபல் பேருரையில் சபாட்டியர் அவர் பெயரைச் சொல்லத் தவறவில்லை. என்றாலும் பதக்கம் ஒருவர் கழுத்தில்தான் விழுந்தது. ஸ்டாக்ஹோம் மறந்ததை மாணவர் உலகம் மறக்கவில்லை. பாட நூல்களில் அந்த வினைக்குச் சபாட்டியர்-சாண்டெரன்ஸ் வினை என்றே பெயர். சிதம்பரம் அண்ணாமலைச் சர்வகலாசாலையில் ரசாயனம் படிக்கிற பிள்ளைகளும் இரண்டு பெயரையும் சேர்த்தே மனப்பாடம் செய்கிறார்கள்.

சபாட்டியர் அதிகம் பேசாதவர். தோட்ட வேலையிலும் கலைகளிலும் பிரியமுள்ளவர். நான்கு பெண்களுக்குத் தகப்பனார். ஓய்வு பெற்ற பிறகும் பாடம் சொல்வதை அவர் விடவில்லை. 1941 ஆகஸ்டு 14-ந் தேதி, யுத்தத்தில் பிரான்ஸ் தோற்றுத் துவண்டு கிடந்த நாளில், தம் எண்பத்தாறாவது வயதில் துலூஸிலேயே காலமானார். பிற்காலத்தில் அந்நகரத்துச் சர்வகலாசாலை ஒன்று நெடுங்காலம் அவர் பெயரையே தாங்கி நின்றது.

கொட்டாங்கச்சிக் கரியின் மகிமை

ஹைட்ரஜன் எரிந்தால் புகை இல்லை, மிஞ்சுவது தண்ணீர்தான். ஆனால் அதைக் கட்டி வைப்பது பெரும்பாடு. ஒரு கிலோ ஹைட்ரஜன் சாதாரண நிலையில் 11,000 லிட்டருக்கு மேல் இடத்தை அடைக்கும். திரவமாக்க வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிர வைக்க வேண்டும்.

இங்கேதான் சபாட்டியரின் வளையம் கை கொடுக்கிறது. பென்ஸீனுக்கு உறவான டொலுவீன் என்னும் திரவத்தில் ஹைட்ரஜனை ஏற்றினால் மெத்தில் சைக்ளோஹெக்ஸேன் கிடைக்கிறது. அதன் எடையில் சுமார் 6 சதவிகிதம் திரும்பப் பெறக்கூடிய ஹைட்ரஜன். இந்தத் திரவம் ஒரு லிட்டருக்குள் 500 லிட்டருக்கு மேல் வாயு அடங்கிக் கிடக்கிறது. அழுத்தமும் வேண்டாம், கடுங்குளிரும் வேண்டாம். பெட்ரோலைப் போலத் தொட்டியில் ஊற்றி அனுப்பலாம். போய்ச் சேர்ந்த இடத்தில் ஹைட்ரஜனை இறக்கிக்கொண்டு, டொலுவீனைத் திருப்பி அனுப்பலாம். பால்காரர் பாத்திரம் போல, அது போவதும் வருவதுமாக இருக்கும். 2020-ல் புரூணை நாட்டிலிருந்து ஜப்பானின் கவாஸாகி துறைமுகத்துக்கு இப்படியே ஹைட்ரஜன் கப்பலில் போயிற்று.

இறக்குகிற இடத்தில்தான் கரி வந்து சேருகிறது. பிளாட்டினம் பொன்னைப் போல விலை உயர்ந்தது. அதைக் கட்டியாக வைத்தால் மேற்பரப்பு மட்டுமே வேலை செய்யும். உள்ளே இருப்பது வீண். ஆகவே அதை மிக நுண்ணிய துகளாக்கிக் கரியின்மேல் பரப்புகிறார்கள். கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, நீராவியில் சூடேற்றிப் பதப்படுத்தினால், அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. இப்படிப் பதப்படுத்திய ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். ஏறக்குறையக் கால் ஏக்கர்! அத்தனை விசாலமான களத்தில் உலோகத்தைத் தூவினால் கொஞ்சமே போதும். விலை உயர்ந்த உலோகத்தை அடியோடு விட்டுவிட்டு, நைட்ரஜன் கலந்த கரியையே கிரியா ஊக்கியாக்க முடியுமா என்று இன்று ஆராய்ந்து வருகிறார்கள். 1897-ல் துலூஸ் குழாய்க்குள் வேண்டாத விருந்தாளியாகப் படிந்த கரி, இப்போது வீட்டுக்கு வேண்டியவராகிவிட்டது.

கஷ்டம் ஒன்று பாக்கி இருக்கிறது. ஏற்றும்போது வெப்பம் வெளிப்படுகிறது; இறக்கும்போது அதே அளவு வெப்பத்தைக் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜன் எரிந்து தரும் சக்தியில் கால் பங்குக்கு மேல் இந்த இறக்குகூலியிலேயே போய்விடுகிறது. தாழ்ந்த சூட்டில் இறக்கிக் கொடுக்கும் ஊக்கியைக் கண்டுபிடிப்பவருக்கு உலகம் கடமைப்படும். 2023 ஜனவரியில் இந்திய அரசு பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு அங்கீகாரம் அளித்து, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்று இலக்கு வைத்திருக்கிறது. உற்பத்தி செய்ததைச் சுமந்து செல்ல வழியும் வேண்டுமல்லவா?

வெளியூர் என்பது குறையல்ல

அந்த வழியை யார் காணப் போகிறார்கள்? பெரிய பட்டணத்தில் பெரிய சோதனைச் சாலையில் இருப்பவர்தானா? சபாட்டியர் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. பாரிஸில் முவாசான் பார்த்த அதே ஒளியை, அதே கரியைத்தான் துலூஸில் சபாட்டியரும் பார்த்தார். கூடுதலாக அவர் செய்தது ஒன்றே ஒன்று. குழாயின் மறுமுனையில் என்ன வந்தது என்று பார்த்தார்.

சிதம்பரமும் தலைநகரமல்ல. நெல்வயல்கள் சூழ்ந்த கோயில் ஊர். அங்கே 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் ஒரு சர்வகலாசாலையையே ஏற்படுத்தினார். கடலூர்ச் சீமையின் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கே வந்து ரசாயனம் படிக்கிறார்கள். மல்லாட்டையும் அவர்களுக்குத் தெரியும். கொட்டாங்கச்சிக் கரியும் தெரியும். சோதனைக் குழாயின் மறுமுனையைப் பார்க்கும் பொறுமை இருந்தால், பட்டணத்துக்கு ரயிலேறித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.